எத்தனைக்குப் போகும்?

எங்கள் சீமையில் பெண்ணின் கை எதைத் தொட்டாலும் அதற்கு ஒரு கணக்கு இருக்கும். மல்லிகை கட்டினால் முழக் கணக்கு. தறிவீட்டில் தார் சுற்றினால் தார்க் கணக்கு. சாத்தூர், சிவகாசிப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனால் தீப்பெட்டிக் கணக்கு. திருச்சுழியைத் தாண்டிச் சீமைக்கருவேலங்காட்டுக்குள் போனால் கரிமூட்டத்தில் மூட்டைக் கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கினால் மிளகாயும் மல்லியும் குதிரைவாலியும் வீடு வந்து சேரும். இறங்காத வருஷத்தில் குண்டாற்று மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. கையில் ஏதாவது வேலை ஓடவேண்டும், அதற்குக் காசு எண்ணி வாங்கவேண்டும். தலைமுறை தலைமுறையாக இப்படித்தான்.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண் மத்தியானச் சோறு முடிந்ததும் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, குரோஷா ஊசியால் உள்ளங்கை அகலத்தில் வண்ணச் சதுரங்கள் பின்னினால், போகிறவர் வருகிறவர் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இது எத்தனைக்குப் போகும்?"

அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்காவிடம் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். அறுபதைத் தாண்டியவர். சின்ன வயதில் தார் சுற்றினார், பிறகு தறியில் உட்கார்ந்தார். விசைத்தறி பெருகிக் கைத்தறி ஒடுங்கியபோது அவர் வீட்டுத் தறியும் பிரிபட்டு விறகாகிவிட்டது. அவர் சொல்லும் பதில் மாறுவதே இல்லை: "எங்கேயும் போகாது தாயி. இங்கனயேதான் கெடக்கும்."

இந்தப் பதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

அவர் கடையில் நூல் வாங்குவது அபூர்வம். கடையில் கிடைக்கும் உல்லன் நூல் எங்கள் வெயிலில் உடம்பில் படக்கூடியது இல்லை, நிலைவாசலில் தோரணமாகத் தொங்கத்தான் ஆகும். அவருக்குத் தறிவீடுகளில் மிஞ்சும் பருத்தி நூல் போதும். சேலைக்குச் சாயம் ஏற்றிய நூலில் பாவு தீரும்போது கொஞ்சம் மிச்சமாகும். தாரில் அடிநூல் தங்கும். சேலை நூல் மெலிசு. தனி இழையாகப் பின்னினால் ஊசியில் நிற்காது. ஏழெட்டு இழைகளைச் சேர்த்துத் தொடையில் வைத்து ஒரு முறுக்கு முறுக்கி உருண்டையாகச் சுற்றி வைத்துக்கொள்வார். பிறகு நாலு செயின் போட்டு வளையமாகச் சேர்ப்பார். வளையத்துக்குள் மூன்று டபுள் குரோஷா ஒரு கொத்தாக விழும். மூலைக்கு மூன்று செயின். மறுபடி ஒரு கொத்து. நாலு கொத்து, நாலு மூலை ஆனதும் நடுச்சதுரம் முடிந்தது. அங்கே நூலை வெட்டி வேறு நிறம் கோப்பார். அடுத்த சுற்றில் மூலைக்கு இரண்டு கொத்து வரும். சுற்றுக்குச் சுற்று பக்கம் தானாக நீளும். உலகம் முழுக்கப் பெண்கள் கிரானி ஸ்கொயர் என்று பின்னுகிற சதுரம் இதுதான்.

பதினாறு சதுரம் சேர்த்தால் ஒரு தலையணை உறை. எட்டை வரிசையாகக் கோத்துக் கீழே குஞ்சம் கட்டினால் நிலைக்குத் தோரணம். சாமி படத்துக்கு அடியில் ஒன்று, தண்ணீர்ப் பானை மூடிக்கு மேல் ஒன்று, பேத்தியின் செல்போனுக்கு ஒரு பை. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு ஒயர் கூடை பின்னினார்களே, சிவன் கண் போட்டும் பிஸ்கட் முடிச்சு போட்டும், அந்தக் கைகளின் தொடர்ச்சிதான் இது.

இங்கே நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. மாசிக்குப் பிறகு திருச்சுழி ரோட்டில் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். காய்ந்த கண்மாய், வெடித்த கரிசல், புழுதி படிந்து சாம்பல் பூத்த கருவேலம். கண்ணுக்கு எட்டிய வரை இரண்டு மூன்று நிறம்தான். ஆனால் அருப்புக்கோட்டைக்குள் வந்தால் சாயப் பட்டறையில் அரக்கும் கிளிப்பச்சையும் மாம்பழ மஞ்சளும் சிட்டம் சிட்டமாகக் கொடியில் காயும். அந்த நிறமெல்லாம் சேலையாகி, மடிந்து, கட்டாகி, லாரி ஏறி வெளியூர் போய்விடும். நிறத்தை உண்டாக்குகிறவர்கள் வீட்டில் தங்குவது முழங்கை வரை ஏறிய சாயக்கறை. மிச்ச நூலில் அந்த அக்கா பின்னிய தோரணத்தை முதன்முதலாக உற்றுப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: இந்த ஊர் உண்டாக்கிய நிறத்தில் ஒரு கைப்பிடி இந்த ஊரிலேயே தங்கிவிட்டது.

ஆனால் "எத்தனைக்குப் போகும்?" என்று கேட்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பஞ்சம் பார்த்த சனங்களின் கேள்வி அது. நூல் வேலைக்குக் காசு கிடைத்ததால் வாழ்வு திரும்பிய கதைகள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. 1819இல் கணவர் சார்லஸ் மால்ட்டுடன் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட், தாம் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டின் மேல் ஊசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற வேலை அது, குரோஷாவிலிருந்து வேறுபட்டது. அன்றைய திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. அதை ஒழிக்கும் அறிவிப்பு 1855இல்தான் வந்தது. அதற்கு முன்பே, லேஸ் பின்னிச் சேர்த்த கூலியைக் கொடுத்து விடுதலையை விலைக்கு வாங்கிக்கொண்ட பெண்கள் அந்தப் பள்ளியில் இருந்தார்கள் என்று மிஷன் வரலாறு சொல்கிறது. மார்த்தாவின் மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேஸ் வேலையும் கூடவே போனது. தூரத்து அயர்லாந்திலும் இதே கதைதான்: 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும்பஞ்சம் வந்தபோது, கன்னியர் மடங்கள் குடியானவப் பெண்களுக்குக் குரோஷா லேஸ் கற்றுக்கொடுத்தன. அந்த ஊசி எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிய வைத்தது. தன்னையே மீட்டுக்கொண்ட ஒரு பெண்ணின் முன் நின்றுகொண்டு, "காசுக்காகப் பின்னாதே, மனசுக்காகப் பின்னு" என்று யாரும் உபதேசம் செய்ய முடியாது. நானும் செய்யமாட்டேன்.

காசு கிடைத்தால் போதுமா என்றால், அதற்கு நரசாபூர் இருக்கிறது. ஆந்திரத்தில் கோதாவரிக் கரை ஊர். அங்கேயும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாகத்தான் குரோஷா லேஸ் வந்தது. சுற்றுப்பட்டுக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் பின்னினார்கள், லேஸ் கப்பலேறியது. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே தங்கி ஆராய்ந்து 1982இல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் கண்டது இது: அந்தப் பெண்கள் சமையலும் பிள்ளை வளர்ப்பும் போக நாள் முழுக்கப் பின்னினார்கள். ஆனால் யாரைக் கேட்டாலும், "வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் செய்கிறார்கள்" என்ற பதில்தான் வந்தது. சும்மா இருக்கிற நேரத்துக்கு யார் முழுக்கூலி கொடுப்பார்கள்? அந்த ஒரு சொல்லை வைத்தே கூலியைக் குறைத்தார்கள். லாபம் வியாபாரிகளுக்கும் ஏற்றுமதிக்காரர்களுக்கும் போனது. 2024இல் நரசாபூர் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பின்னுகிற கைக்கும் அதில் பங்கு போய்ச் சேரட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. நெய்வதற்கு விசைத்தறி வந்துவிட்டது. பனியன் பின்ன மெஷின் வந்து திருப்பூர் என்ற நகரமே எழுந்தது. குரோஷாவை அப்படியே பின்னுகிற மெஷினை மட்டும் இன்று வரை யாராலும் சந்தைக்குக் கொண்டுவர முடியவில்லை. பார்த்தால் குரோஷா மாதிரி இருக்கும் துணியை மெஷின் தரும். ஆனால் அதன் கண்ணி வேறு. உண்மையான குரோஷா எங்கே தொங்கினாலும், எவ்வளவு மலிவாக விற்றாலும், அதைக் கண்ணி கண்ணியாகப் போட்டது ஒரு மனிதக் கை. மலிவாகக் கிடைக்கிறது என்றால் அந்தக் கையின் நேரம் மலிவாகப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தேர்ந்த கைக்கு ஒரு சதுரம் பின்ன நாற்பது நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். பதினாறு சதுரத்துக்குப் பத்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். சேர்த்து ஓரம் கட்ட இன்னும் ஓரிரண்டு மணி. ஆக, எட்டு மணி நேர வேலைநாள் ஒன்றரை. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26இல் நிர்ணயித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். அந்தக் கூலியையே வைத்தாலும் ஒரு தலையணை உறைக்குக் கைக்கூலி மட்டும் ஏறக்குறைய 500 ரூபாய். நூலும் தேர்ச்சியும் இந்தக் கணக்கில் சேரவில்லை. "முன்னூறுக்குக் கொடுத்தால் ரெண்டு எடுத்துக்கிறேன்" என்று பேரம் பேசுகிறவர், மண்வெட்டி பிடித்த கைக்குக் கிடைப்பதைக் கூட ஊசி பிடித்த கைக்குத் தர மனமில்லாமல் கேட்கிறார். விற்றால் வேலையாக எண்ணி, வேலைக்குரிய விலையில் விற்கவேண்டும். அதில் இரண்டு பேச்சு இல்லை.

விற்காமல் வைத்துக்கொள்வதில் அந்த அக்காவுக்கு என்ன கிடைக்கிறது? இதை நேராகவே கேட்டேன்.

"தறியில நான் என்னிக்காச்சும் கலர் சொல்லிருக்கேனா? பாவு அவுங்க குடுத்தது, டிசைன் அவுங்க குடுத்தது. பச்சைக்குப் பக்கத்துல ஊதா கண்ணுக்கு ஆகாதுன்னு தோணும். தோணி என்ன செய்ய? நெய்யி நெய்யின்னா நெய்ய வேண்டியதுதான்" என்றார். சொல்லிக்கொண்டே மடியிலிருந்த ஐந்தாறு உருண்டைகளைப் புரட்டினார். மஞ்சளை எடுத்துச் சதுரத்தின் ஓரத்தில் வைத்துப் பார்த்தார். அது சரிவராமல் அரக்கை வைத்தார். அதையும் தள்ளிவிட்டு வெள்ளையைக் கோத்தார். யாரையும் கேட்கவில்லை.

எனக்கு விளங்கியது அப்போதுதான். ஆயிரக்கணக்கான சேலைகளுக்கு நிறம் சுமந்த கை, இந்த நிறம் வேண்டும் என்று தானாகத் தீர்மானித்தது ஒரு சேலையிலும் இல்லை. உள்ளங்கை அகலச் சதுரத்தில்தான் அந்தத் தீர்மானம் அவருக்குக் கிடைத்திருக்கிறது. இன்னொன்றும் சொன்னார். தறியில் இழை விட்டுப்போனால் கூலியில் பிடித்தம். இதில் தப்பு வந்தால் ஊசியை எடுத்துவிட்டு நூலை இழுத்தால் போதும்; பின்னியதெல்லாம் சரசரவென்று அவிழ்ந்து நூல் நூலாகவே கைக்கு வந்துவிடும், மறுபடி போடலாம். குரோஷாவில் எந்த நேரத்திலும் ஊசியில் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணி. அதனால்தான் அவிழ்ப்பது அவ்வளவு சுலபம். வாழ்நாள் முழுக்கப் பிடித்தத்துக்குப் பயந்து வேலை செய்தவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது, மாதச் சம்பளத்தில் உட்கார்ந்து எழுதுகிற என்னைவிட அவருக்குத்தான் தெரியும்.

ஆகவே, கையின் உழைப்பு எல்லாமே சந்தைக்குப் போகவேண்டும் என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. பெண்ணின் கை வேலை எல்லாம் அன்பின் பெயரால் இனாமாகப் போகவேண்டும் என்பதையும் ஏற்கவில்லை. அது நரசாபூரில் சொன்ன அதே பொய்யின் இன்னொரு வடிவம். எது போகவேண்டும், எது தங்கவேண்டும் என்று சொல்லும் உரிமை பின்னியவளுடையது. மகளின் நாத்தனார் கேட்டாள், ஆபீஸில் ஒரு மேடம் கேட்டார் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தே நிலைவாசல் வெறுமையாகிப்போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கேட்டவர்கள் பாராட்டத்தான் பாராட்டினார்கள். ஒருவரும் நூலுக்குக்கூடக் காசு நீட்டவில்லை.

தாங்களே முடிவு செய்து கொடுக்கும்போது அதே சதுரம் எவ்வளவு தூரம் போகும் என்பதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவில் பல ஊர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பெண்கள் சேர்ந்து பெரிய பெரிய சதுரங்களாகப் பின்னினார்கள். 2016 ஜனவரி 31 அன்று அவற்றைச் சென்னையில் ஒன்றாக இணைத்து விரித்தபோது 11,148.5 சதுர மீட்டர். உலகிலேயே பெரிய குரோஷா போர்வை என்று கின்னஸில் பதிவானது. பிறகு அதைப் பிரித்து, தேவைப்பட்டவர்களுக்குப் போர்வைகளாகக் கொடுத்தார்கள். சாதனை என்ற சொல்லில் எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் அத்தனை பெண்களும் கூலி கேட்காமல், யாரும் விரட்டாமல் அவரவர் வீட்டில் அவரவர் நேரத்தில் பின்னினார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

அருப்புக்கோட்டையிலும் பாளையம்பட்டியிலும் தறி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாவு முடிந்து மிஞ்சும் சாய நூலை மூட்டையில் போட்டு எடைக்குத் தள்ளுகிறீர்கள். உங்களுக்கு அதில் பெரிதாக ஒன்றும் வரப்போவதில்லை. தெருவில் குரோஷா ஊசி வைத்திருக்கும் ஒரு பெண் வந்து கேட்டால், நிறம் பிரித்து எடுத்துக்கொள்ள விடுங்கள். நெய்தவர்கள், சுற்றியவர்கள், சாயம் போட்டவர்கள் வீட்டுப் பெண்களாகத்தான் பெரும்பாலும் இருப்பார்கள். அவர்கள் விற்றால் சொன்ன விலையைக் கொடுத்து வாங்குங்கள். விற்காவிட்டால் எத்தனைக்குப் போகும் என்று கேட்காதீர்கள். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எதை வைத்திருக்கிறார்கள் என்று நின்று பாருங்கள்.