ஐம்பதுக்கு ஐம்பதும் அதற்கு அப்பாலும்

காரைநகர் இந்துக் கல்லூரியில் நீண்டகாலம் அதிபராக இருந்தவர் ஆ. தியாகராசா. 1970 பொதுத் தேர்தலில் தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளராக நின்று, வட்டுக்கோட்டைத் தொகுதியில் தமிழரசுக் கட்சியின் அமிர்தலிங்கத்தையே தோற்கடித்துப் பாராளுமன்றம் போனார். பிறகு அரசாங்கத்தின் பக்கம் சாய்ந்தார். பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்த 1972 குடியரசு யாப்புக்கு ஆதரவாக வாக்களித்தார். 1981 மே மாதம், மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளராக நின்ற நேரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்த யாப்புக்கு அவர் வாக்களித்தது பெரும் பிழை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பிழைக்குத் தண்டனை கொடுக்க வேண்டிய இடம் வாக்குச்சாவடி. ஒரு இனத்தின் பெயரால் சபைக்குப் போனவரை அந்த இனம் தன் உடைமையாகவே நினைக்கத் தொடங்கிவிடுகிறது. உடைமைக்குச் சொந்தப் புத்தி இருக்கக் கூடாது. பிழை விடும் உரிமையும் இருக்கக் கூடாது. இனவாரி அரசியலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த அதிபரின் முடிவுதான்.

இந்த இனவாரிக் கணக்கைத் தொடக்கி வைத்தவர்கள் ஆங்கிலேயர். 1833இல் அமைந்த சட்டநிரூபண சபையில் உத்தியோகப்பற்றற்ற ஆசனங்கள் ஆறு: ஐரோப்பியருக்கு மூன்று, சிங்களவர், தமிழர், பறங்கியருக்கு ஒவ்வொன்று. 1889இல் கண்டிச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் ஒவ்வொன்று சேர்ந்தது. 1911இல் படித்த இலங்கையருக்கென்று வந்த ஒரே ஆசனத்துக்குப் பொன்னம்பலம் இராமநாதன் தெரிவானார். எதிர்த்து நின்ற மார்க்கஸ் பெர்னாண்டோ சிங்களவர். ஆனால் கராவ சாதி. கொவிகம சிங்களவர் பலர் அவரை விட்டுவிட்டு ஒரு வேளாளத் தமிழருக்குப் போட்டார்கள். இனத்தைக் கடந்த வெற்றி என்று அதை இன்றும் கொண்டாடுவார்கள். அன்று இனத்தைக் கடந்து சென்றது சாதி.

இனவாரி ஆசனங்களை ஒழித்தது டொனமூர் யாப்பு. 1931இல் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. காணிக்காரருக்கும் அவர் வயலில் நாற்று நட்ட பெண்ணுக்கும், கோயில் தர்மகர்த்தாவுக்கும் அந்தக் கோயிலுக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்று பறையடித்தவருக்கும் ஆளுக்கு ஒரே ஒரு வாக்கு. எங்கள் மண்ணில் அதைவிடப் பெரிய சமத்துவம் அதற்கு முன் எழுத்தில் வந்ததில்லை. ஆனால் ஊர்காவற்துறை உட்பட யாழ்ப்பாணத்தின் நாலு தொகுதிகளில் அந்த ஆண்டு ஒருவரும் வேட்புமனுப் போடவில்லை. பூரண சுயாட்சி கேட்ட யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்திருந்தது. சாதிக்கு எதிராக, பள்ளிக்கூடங்களில் சம ஆசனத்துக்காக நின்ற ஹண்டி பேரின்பநாயகமும் அவர் தோழர்களும்தான் அதை முன்னின்று நடத்தினார்கள். நோக்கம் உயர்ந்ததுதான். ஆனால் முதல் சமவாக்கு எங்கள் ஆட்கள் போடாமலே போனது.

1936இல் அமைந்த அமைச்சரவையில் ஏழு அமைச்சர்களும் சிங்களவர். ஆசனங்களிலிருந்து இனத்தை எடுத்துவிட்டார்கள். ஆட்சிக்குள் அது கதவு தட்டாமலே வந்து உட்கார்ந்தது. அந்தப் பயத்தில் பிறந்ததுதான் ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் ஐம்பதுக்கு ஐம்பது: பாதி ஆசனம் சிங்களவருக்கு, பாதி மற்ற எல்லோருக்கும். சோல்பரி ஆணைக்குழு அதை ஏற்கவில்லை. பதிலுக்குக் கிடைத்தது சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு. ஒரு சமூகத்துக்கோ மதத்துக்கோ மற்றவர்களுக்கு இல்லாத சலுகையைப் பாராளுமன்றம் சட்டமாக்க முடியாது என்றது அது. சுதந்திரம் வந்த கையோடு மலையகத் தமிழரின் குடியுரிமையும் வாக்கும் பறிபோனபோது அந்தப் பிரிவு அவர்களைக் காப்பாற்றவில்லை. 1972இல் பிரிவே போய்விட்டது.

ஐம்பதுக்கு ஐம்பது கிடைத்திருந்தால் தப்பியிருப்போமா? லெபனானைப் பார்க்கிறேன். அங்கே 1943 உடன்பாட்டின்படி கிறிஸ்தவர் ஆறுக்கு முஸ்லிம்கள் ஐந்து. ஜனாதிபதி மரோனைட், பிரதமர் சுன்னி, சபாநாயகர் ஷியா. பதினைந்து ஆண்டு உள்நாட்டுப் போரின் முடிவில், 1989 தாயிஃப் உடன்பாட்டில், ஆசனங்கள் சரிபாதி ஆயின. மதப் பங்கீட்டைப் படிப்படியாக ஒழிப்போம் என்று யாப்பிலும் எழுதினார்கள். இன்னும் ஒழியவில்லை. அந்த நாட்டில் கடைசியாகக் குடிசன மதிப்பு எடுத்தது 1932இல். தலையை எண்ணினால் பங்கு குலைந்துவிடும் என்ற பயம். தன் மக்கள் எத்தனை பேர் என்று கேட்கவே அஞ்சும் அரசு அது.

பங்கிட்ட நாட்டிலும் பயம் போகவில்லை, பங்கை ஒழித்த நாட்டிலும் போகவில்லை. ஏனென்றால் இரண்டு இடத்திலும் அரசு என்பது யாரோ ஒருவருக்குச் சொந்தமான சொத்தாகவே இருந்தது. அங்கே கூட்டுச் சொத்து, இங்கே தனிச் சொத்து. யாழ்ப்பாணத்துத் தையிட்டியில் தனியார் காணியில் விகாரை எழும்போது அதன் பின்னால் நிற்பது ஒரு மதத்தின் பக்தி மட்டுமல்ல. இந்த அரசு எங்களுடையது என்ற நிச்சயம்.

இதை எங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். காரைநகரிலிருந்து பொன்னாலைத் தாம்போதியைக் கடந்தால் பண்ணாகம் தூரமில்லை. 1976 மே 14இல் அங்கே நிறைவேறிய வட்டுக்கோட்டைத் தீர்மானத்தில் தனிநாட்டுக் கோரிக்கை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்த நாடு மதச்சார்பற்றதாக இருக்கும், சாதி ஒழிக்கப்படும், எந்த மதத்தவரும் எந்தப் பிரதேசத்தவரும் மற்றவர்மேல் ஆதிக்கம் செலுத்த முடியாது என்று அதே தீர்மானம் சொன்னது யாருக்கு நினைவிருக்கிறது? 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். பரம்பரை பரம்பரையாக எங்களோடு வாழ்ந்தவர்கள் கையில் பையோடு நடந்தார்கள். சிறுபான்மையாய் இருந்து நாங்கள் கேட்ட நீதி, பெரும்பான்மையாய் இருந்த இடத்தில் எங்கள் கையில் இருக்கவில்லை.

2016இல் லால் விஜேநாயக்க தலைமையிலான குழு புதிய யாப்புக்காக மாவட்டம் மாவட்டமாகப் போய் மக்கள் கருத்தைக் கேட்டது. மதம் பற்றி அதன் உறுப்பினர்களாலேயே ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. பல தெரிவுகளை எழுதிக் கொடுத்தார்கள். அந்த யாப்பு வரவில்லை. இன்னொன்று எழுதப்படும் காலம் வரும். அப்போது, இன்றைய யாப்பில் பௌத்தத்துக்கு முதன்மை கொடுக்கும் 9ஆம் உறுப்புரை நீங்க வேண்டும், அதிகாரம் மாகாணங்களுக்குப் பகிரப்பட வேண்டும் என்று நிச்சயம் கேட்போம், கேட்கத்தான் வேண்டும். பழைய 29ஆம் பிரிவைப் பல்லோடு திருப்பித் தரும்படியும் கேட்க வேண்டும். அது கொழும்பைக் கட்டுவதுபோலவே யாழ்ப்பாணத்தையும் கட்ட வேண்டும். திரும்பி வந்து வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயர் இல்லாமல் நிற்கும் முஸ்லிம் குடும்பமும், வன்னியில் குடியேறிக் காணி உறுதி இல்லாமல் வாழும் மலையகத்தவரும், கோயில் திருவிழா உபயத்தில் இன்றும் இடம் மறுக்கப்படுபவரும் எங்களுக்கு எதிராக அதே பிரிவைக் காட்டி அதே நீதிமன்றத்தில் வழக்குப் போடக்கூடியதாக இருக்க வேண்டும்.