தன்வேதனை

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே உள்ள வடதிருமுல்லைவாயிலுக்குச் சுந்தரர் வந்தது கண் இழந்த நிலையில். திருவொற்றியூரில் மணந்த சங்கிலியாருக்கு, பிரியேன் என்று செய்துகொடுத்த சத்தியத்தை மீறியதால் பார்வை போயிற்று என்கிறது பெரியபுராணம். முல்லைவாயில் பதிகம் முழுக்க, துயரைக் களையச் சொல்லும் முறையீடு. தவறு அவருடையது, மனமோ கலங்கிக் கிடந்தது. ஆனாலும் இவற்றைக் காட்டி அவர் சொல்லை யாரும் தள்ளிவிடவில்லை. ஏழாம் திருமுறையில் வைத்து ஓதினார்கள். துன்பப்படுகிறவரின் சொல் அறிவாகுமா என்ற கேள்வியில் மனநல ஆய்வு இன்றும் தயங்கி நிற்கிறது. ஆகும் என்பதே என் கட்சி. இரக்கத்துக்காகச் சொல்லவில்லை, உண்மை வேண்டுமானால் வேறு வழி இல்லை என்பதால் சொல்கிறேன்.

அருள்நந்தி சிவாச்சாரியார் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய சிவஞான சித்தியார் காட்சி, கருதல், உரை என்ற மூன்றை அறிவுக்கு வழிகளாக ஏற்கிறது. பிறகு காட்சியை நான்காகப் பிரிக்கிறது. பொறியால் வருவது, மனத்தால் வருவது, யோகத்தால் வருவது ஆகியவற்றோடு தன்வேதனைக் காட்சி என்றும் ஒன்று உண்டு. உயிர் தன் இன்ப துன்பங்களைத் தானே நேராக உணர்வது அது. (வேதனை என்ற சொல்லுக்கு உணர்ந்தறிதல் என்று பொருள், இன்று நம் பேச்சில் அது துன்பத்தை மட்டுமே குறிப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.) மருத்துவரின் கணிப்பும் வினாத்தாளின் மதிப்பெண்ணும் கருதல் வகை: புகை கண்டு தீ உண்டு என்பது. அவை தேவை. ஆனால் கருதல் காட்சியின் மேல்தான் நிற்கும். அந்தத் துயரத்தின் காட்சி ஒரே ஒருவரிடம் இருக்க, அவரை எண்ணிக்கைப் பொருளாக மட்டும் வைக்கும் ஆய்வு தன் அடித்தளத்தைத் தானே மூடிவிடுகிறது.

ஐயமும் திரிபும் நீங்கியதுதானே காட்சி, மனச்சிதைவு உள்ளவரின் காட்சியை எப்படி நம்புவது என்று கேட்கலாம். வலுவான கேள்வி. கயிற்றைப் பாம்பென்று கண்டவர் பாம்பைப் பற்றித் தவறினார். அவர் நெஞ்சு பதறியது பொய்யில்லை. பக்கத்து வீட்டுக்காரர் விஷம் வைக்கிறார் என்ற நம்பிக்கை பிழையாக இருக்கலாம். தூக்கம் போனதும், மருந்தால் கை நடுங்குவதும், வீட்டார் முகம் திருப்பியதும் பிழையல்ல. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்ததில், சங்கிலியிட்டு வைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். அந்தச் சங்கிலி வலிக்கிறது என்று அறிய அவர்களுக்கு இருந்த நோய் எந்தத் தடையும் செய்திருக்காது.

கேட்டால் என்ன மாறும் என்பதற்கு முகப்பேர் வரை போனால் போதும். தெருவில் திரிந்த மனநோயுள்ள பெண்களுக்காக வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் தொடங்கிய தி பான்யன் அமைப்பின் ‘அடைக்கலம்’ அங்கேதான் இருக்கிறது. 2015இல் அதே அமைப்பு ‘ஹோம் அகெய்ன்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. காப்பகங்களில் நெடுங்காலம் இருந்தவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில், உதவியாளர் துணையோடு குடியிருக்கிறார்கள். யாரோடு இருப்பது என்பதில் அவர்கள் விருப்பத்துக்கும் இடம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டியில் இதை நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாகச் சேர்த்தது. நோய்க்குறிகளை மட்டும் எண்ணும் அளவுகோலில் சொந்தச் சமையலறைக்கும் வாசல் சாவிக்கும் கட்டம் கிடையாது. குணமாவது என்றால் உங்களுக்கு என்ன என்று பட்டவரிடம் கேட்டால்தான் அந்தக் கட்டம் முளைக்கும்.

மாணவர் விஷயத்தில் இது உயிர்ப் பிரச்சினை. ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை கல்லூரிப் பேருந்துகள் நிறைந்த இந்தப் பகுதிக்கு வேறு எதையும்விட இது முக்கியம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி 2022இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். தமிழ்நாட்டில் 1,416 பேர். ‘தேர்வில் தோல்வி’ போன்ற காரணங்கள் அந்தக் கணக்கில் பதிவாவது காவல்துறையின் விசாரணை வழியாக, அதுவும் கருதல்தான். இறந்தவர் பேச மாட்டார். முயன்று பிழைத்தவர் இருக்கிறார். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளச் சொல்லி, வழக்கிலிருந்து காக்கிறது. டெலி-மனாஸ் மனநல உதவி எண் 14416 அவர் பேச்சைக் கேட்கவும் இருக்கிறது. ஆனால் என்ன கேள்வி கேட்பது என்று ஆய்வாளர் முடிவு செய்யும் மேசையில் அவருக்கும் ஒரு நாற்காலி வேண்டும். விடுதி அறையில் எந்த நேரம் கொடியது, எந்த அறிவுரை இன்னும் கீழே தள்ளியது என்பதை வினாத்தாள் எழுதுபவர் ஊகிக்க முடியாது.

ஒருவர் அனுபவம் எல்லாருக்கும் பொருந்துமா? பொருந்தாது. பல வாய்களைக் கேட்டு, ஒப்பிட்டு, முரண்களைப் பிரித்தறிவதுதான் ஆய்வாளரின் தொழில். அந்தத் தொழிலை யாரும் பறிக்கவில்லை. நியாய சூத்திர உரையில் வாத்ஸ்யாயனர், பொருளை நேரில் அறிந்து அறிந்தபடி சொல்ல விரும்புபவரே நம்பத்தக்கவர் என்கிறார். முனிவர், ஆரியர், மிலேச்சர் எல்லாருக்கும் அது பொது என்றும் சேர்க்கிறார். பட்டமும் பதவியும் அந்த இலக்கணத்தில் இல்லை. பேசச் சொல்வது ஆறிய புண்ணைக் கீறுவதாகாதா என்ற அச்சம் மட்டும் நியாயமானது. ஆகவே பேச மறுக்கும் உரிமையும் பாதியில் நிறுத்தும் உரிமையும் அவரிடமே இருக்க வேண்டும். ஒருமுறை கேட்டு முடித்துவிடவும் கூடாது. முல்லைவாயிலில் பாடியதும் சுந்தரருக்குப் பார்வை திரும்பிவிடவில்லை. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் மட்டும் கிடைத்தது. அங்கே அவர் நொந்து பாடியதும் திருமுறையில் இருக்கிறது. காஞ்சியில் ஒரு கண் வந்தது. மறு கண்ணுக்குத் திருவாரூர் வரை நடந்துபோய் மறுபடி கேட்டார்.