மணிகளின் ஒழுங்கும் மனிதரின் பொறுப்பும்

ஒழுங்கு காணப்படுமிடத்து ஒழுங்குபடுத்தியோன் ஒருவன் இருத்தல் வேண்டும் என்பது மெய்யியலில் நெடுங்காலமாக நிலவிவரும் வாதமாகும். இவ்வாதத்தை மீள நோக்கத் தூண்டும் பரிசோதனை ஒன்றின் முடிவுகளை, 1996 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு நடத்திய அம்பன்ஹோவர், மெலோ, சுவின்னி ஆகிய மூவரும் வெளியிட்டனர்.

காற்றகற்றிய கலமொன்றில், ஒரு மில்லிமீற்றரின் ஐந்திலொரு பங்கினுஞ் சிறிய வெண்கல மணிகளை மெல்லிய படையாகப் பரப்பி, அதனை மேலுங் கீழுமாக அதிரச் செய்தனர். உச்ச ஆர்முடுகல் புவியீர்ப்பின் ஏறத்தாழ இரண்டரை மடங்கை அடைந்ததும், தட்டையாயிருந்த மேற்பரப்பிற் கோலங்கள் எழுந்தன. மீடிறன் குறைவாயின் சதுரங்கள், கூடுதலாயின் வரிகள், ஆர்முடுகல் மேலும் மிகுந்தால் அறுகோணங்கள். சில நிலைகளில் தனித்த சிறு மேடொன்று தோன்றி, அடுத்த அதிர்விற் குழியாகி, மீண்டும் மேடாயிற்று. 'ஒசிலோன்' எனப் பெயரிடப்பட்ட இவற்றுள், ஒன்று மேடாகும்போது மற்றையது குழியாகுமாயின் இரண்டும் இணைந்தன. ஒருங்கே மேடாகுமாயின் ஒன்றையொன்று விலக்கின.

எந்த மணியும் கோலத்தை அறியாது. அயல்மணியோடு மோதுவதன்றி அதற்கு வேறு தொழிலில்லை. வரைந்தவர் எவருமின்றியே வடிவம் பிறக்கின்றது. ஒழுங்குக்குத் திட்டமிட்டோன் இன்றியமையாதவன் அல்லன் என்பதை இவ்வளவில் நாம் ஏற்கலாம்.

ஆனால், இவ்வுண்மையைச் சமூகத்தின்மேல் ஏற்றி, "சந்தையும் சாதியும் எவருந் திட்டமிடாது தாமாகவே அமைந்தவை, ஆதலின் அவற்றுக்கு எவரும் பொறுப்பாளிகள் அல்லர்" என்று கூறுவாருமுளர். இங்கேதான் நிதானம் வேண்டும்.

முதலாவது, கோலத்தை எவரும் வரையவில்லையெனினும், கலத்தை அதிர்வித்த கை ஒன்று உண்டு. சதுரமா, வரியா என்பது அக்கை தெரிந்த மீடிறனைப் பொறுத்தது. இரண்டாவது, மோதுந்தோறும் மணிகள் சக்தியை இழக்கின்றன. புதிய சக்தி ஊட்டப்படாவிடின் கோலம் கணத்தில் அழியும். தானாக அமைந்தது தானாகவே நிலைக்கும் என்பதற்கில்லை. நிலைத்திருக்கும் ஒவ்வோர் ஒழுங்கையும் யாரோ ஊட்டிக்கொண்டிருக்கின்றனர். மூன்றாவது, கோலத்தின் அழகு மேலிருந்து நோக்கும் கண்ணுக்கே உரியது. மோதுண்ணும் மணிக்கு அதிற் பங்கில்லை.

ஆகவே, "இதனை அமைத்தவர் யார்?" என்ற வினாவுக்கு "எவருமில்லை" என்பது விடையாகலாம். "இதனை இயக்கிக்கொண்டிருப்பவர் யார்?" என்ற வினாவுக்கு அது விடையாகாது. மணி இவ்வினாவை எழுப்ப இயலாது. நாமோ மோதுண்ணும் மணிகளாயிருந்துகொண்டே முழுக் கோலத்தையும் நோக்க வல்லவர்கள். நமது பொறுப்பு அந்நோக்கிலிருந்தே தொடங்குகின்றது.