நிவர்த்தி என்ற சொல்

சுகர் லேண்டிலேயே பிறந்து வளர்ந்த என் மகள், சென்ற மாதம் கோயில் அறிவிப்புப் பலகையைப் பார்த்து, "அப்பா, தோஷ நிவர்த்தி என்றால் ரிப்பேரா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் நாமும் அப்படித்தானே புழங்குகிறோம்! குழாய்ப் பழுதை நகராட்சி நிவர்த்தி செய்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தால் குறையை நிவர்த்தி செய்யச் சொல்கிறோம். செய்கிறவர் ஒருவர், குறை வேறொருவருடையது.

வடமொழியில் 'நிவ்ருத்தி' என்றால் திரும்புதல், விலகுதல். பிரவ்ருத்திக்கு எதிர்ப்பதம். கீதையின் 16, 18ஆம் அத்தியாயங்களில் இரண்டும் ஜோடியாக வருகின்றன. அந்தப் பழைய பொருள் நம் பஞ்சாங்கத்தில் இன்னும் பிழைத்திருக்கிறது: 'சனி வக்ர நிவர்த்தி'. சனியை யாரும் பிடித்துத் திருப்பி விடுவதில்லை. அவரேதான் திரும்புகிறார்.

மனுஸ்மிருதி சொல்வதையெல்லாம் ஏற்பவன் அல்லன் நான். ஆனால் பிராயச்சித்தம் பற்றிய அதன் 11ஆம் அத்தியாயத்தில் ஒன்று கவனிக்கத்தக்கது. சிறு பொருளைத் திருடியவன்கூட, அதைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் விரதம் இருக்க வேண்டும். 'இனி இப்படிச் செய்யேன்' என்று விலகுவதால் ஒருவன் தூய்மையடைகிறான் என்றும் அங்கே வருகிறது. விலகுவதற்கு அங்கே உள்ள சொல் நிவ்ருத்திதான்.

மகளின் கேள்வி என்னைக் குத்தியதற்குக் காரணம் உண்டு. அம்மாவைக் கடைசி நான்கு வருஷம் பார்த்துக்கொண்டது மன்னார்குடியில் இருக்கும் என் அக்கா. அம்மா காலமானதும் நான் பங்கு கேட்டேன். அக்கா குடியிருந்த வீட்டை விற்கவேண்டி வந்தது. சட்டப்படி தவறில்லை. பிறகு மனம் உறுத்தவே பித்ரு தோஷ நிவர்த்திக்குப் பூஜை செய்தேன். ரசீது இன்னும் பர்ஸில் இருக்கிறது.

பூஜை வீண் என்று சொல்ல மாட்டேன். பூஜை முடிவில் குருக்கள் மந்திரத்திலும் கிரியையிலும் நேர்ந்த குறைகளைப் பொறுத்தருளும்படி வேண்டுகிறார். அவை சுவாமிக்குச் செய்ததில் உள்ள குறைகள்; சுவாமி பொறுப்பார். அக்காவின் வீட்டுக்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்?

போன ஞாயிறு காலை அக்காவுக்குப் போன் செய்தேன். அங்கே இரவு. பணத்தைப் பற்றி ஆரம்பித்தேன். "அதெல்லாம் அப்புறம் பேசலாம். முதலில் ஊருக்கு வாடா" என்றாள். டிசம்பருக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மகளும் வருகிறாள்.