உபகாரம் பெறுவது இழுக்கா?



உபகாரம் செய்வதைப் பற்றி நமது கூட்டங்களில் எவ்வளவோ பேசியாகிவிட்டது. கொடுக்கிற கையின் சிறப்பைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் உபகாரத்தைப் பெறுவது எப்படி என்று யாரும் நமக்குப் போதித்ததாக நினைவில்லை. அதிலும் நம் மார்க்கத்தைச் சேராத ஒருவர், தம் மார்க்கத்தின் பெயரால் நம் வாசலுக்கு வந்து, "உங்கள் வீட்டுக்குக் கூரை போட்டுத் தருகிறோம்" என்றால், சரி என்பதா, வேண்டாம் என்பதா?

இது ஏட்டில் பிறந்த கேள்வியன்று. நம் கூடப்பிறந்த லாத்தாவின் வீட்டில் பிறந்த கேள்வி. நாம் பெரிய படிப்புப் படித்தவரல்லர். ஊர் மதரஸாவும் ஆரம்பப் பள்ளியுமே நமது படிப்பு. மற்றதெல்லாம் பினாங்கில் மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்து கற்றது. ஆகவே சொல்லில் பிழை இருந்தால் கற்றவர்கள் பொறுத்துக்கொண்டு, விஷயத்தை மட்டும் கவனிக்கும்படி வேண்டுகிறோம்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி, பொழுது விடியுமுன், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசிற்று. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை ஆகிய ஜில்லாக்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. முத்துப்பேட்டையும் அதிராம்பட்டினமும் நம் சமுதாய மக்கள் நிறைந்த ஊர்கள். அங்கெல்லாம் சொந்தபந்தம் உள்ளவர்கள் பினாங்கில் எத்தனை பேர்! அந்த நாட்களில் டெலிபோனும் கையுமாக நின்ற வேதனையை அவர்கள் அறிவார்கள்.

நமது லாத்தா விதவை. ஒரு பெண்பிள்ளையுடன் அந்தக் கரையோரத்தில் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருப்பவர். நாலைந்து நாள் வரை அவருடைய குரலைக் கேட்க முடியவில்லை. கடைசியில் தகவல் வந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, வீட்டுக்கூரை போய்விட்டது என்று. உடனே நம்மால் ஆன பணத்தை அனுப்பிவைத்தோம். கடமை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினோம்.

மறு வாரம் லாத்தா பேசினார்கள். "தம்பி, கூரை போட்டாகிவிட்டது. மாதா கோவிலைச் சேர்ந்த பிள்ளைகள் எட்டுப் பேர் வந்து ஐந்து நாள் வேலை செய்தார்கள். ஓடு, சட்டம், கயிறு எல்லாம் அவர்களே கொண்டுவந்தார்கள். உளூச் செய்கிற திண்டு இடிந்து கிடந்ததே, அதையும் கட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்" என்றார்கள்.

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லியிருக்க வேண்டிய இடம். நாமோ கோபப்பட்டோம். "ஏன் லாத்தா, நாங்களெல்லாம் இல்லையா? அவர்களிடம் போய் ஏன் வாங்கினீர்கள்? நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவார்கள்?" என்று கேட்டுவிட்டோம்.

லாத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்கள்: "தம்பி, நீ அனுப்பின பணம் வந்தது. ஆனால் பணம் தானாக ஏணி வைத்துக் கூரைமேல் ஏறுமா? ஊரிலே தச்சன் வீடும் விழுந்து கிடக்கிறது, கொத்தன் வீடும் விழுந்து கிடக்கிறது. அவனவன் வீட்டை அவனவன் பார்க்கிறான். நானும் என் பிள்ளையும் மழையில் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பிள்ளைகள் ஏணியோடு வந்தார்கள். அவர்கள் என்னிடம் மார்க்கம் பேசவில்லை, நானும் பேசவில்லை. அது கிடக்கட்டும், போன வருஷம் உன் கடையிலே சேறு அள்ளினார்களே, அவர்களை எந்த ஜமாஅத் என்று கேட்டுவிட்டா உள்ளே விட்டாய்?"

நமக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் லாத்தா சொன்னது உண்மை.

2017-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி பிற்பகலில் தொடங்கிய காற்றும் மழையும் மறுநாள் வரை பினாங்கைப் புரட்டியெடுத்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மரங்கள் வேரோடு விழுந்தன. ஜாலான் பி. ரம்லி, சுங்கை பினாங்கு வட்டாரமெல்லாம் வெள்ளக்காடாயிற்று. நடுநிசி கழிந்தபின் ராணுவத்தை உதவிக்கு அழைக்க வேண்டிய நிலை வந்தது. இந்த மாநிலத்தில் மட்டும் 7 உயிர்கள் போயின. நமது கடையில் தண்ணீர் இடுப்பளவு நின்றது. அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும் ஊறி நாறின. மூன்றாம் நாள், யாரென்று தெரியாத சிலர் மண்வெட்டியும் வாளியுமாக வந்தார்கள். சீனரும் இருந்தனர், தமிழரும் இருந்தனர். ஒருவர் கழுத்தில் சிலுவை தொங்கிற்று. பொழுது சாயும்வரை சேற்றை அள்ளிக் கொட்டிவிட்டு, நாம் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, அடுத்த கடைக்குப் போனார்கள். அவர்களை நாம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நமக்கு அவசரம் இருந்தது. ஒரு வருஷம் கழித்து, கடல் கடந்திருந்த லாத்தாவுக்கு அதே அவசரம் வந்தபோது மட்டும் நமக்கு மார்க்கப் பற்று பொங்கிவிட்டது!

சகோதரர்களே! நம் மனத்தில் எழுந்த சந்தேகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். இவை நமக்கு மட்டும் எழுபவையல்ல. நமது கடை வாசலில் இதைப் பிரஸ்தாபித்தபோது பலரும் இவற்றையே சொன்னார்கள்.

முதல் சந்தேகம்: "இப்படிச் செய்பவர்கள் நம்மை மதம் மாற்றத்தானே செய்கிறார்கள்?" அப்படிச் செய்பவர்களும் உலகத்தில் உண்டு. இல்லை என்று சொல்ல மாட்டோம். அரிசியைக் காட்டி ஈமானை விலை கேட்பவரிடம் ஒரு பிடி அரிசியும் வாங்கக்கூடாது. ஆனால் ஒருவருடைய நிய்யத்தை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. நாம் பார்க்கக்கூடியது அந்த உதவியோடு நிபந்தனை ஏதாவது ஒட்டிக்கொண்டு வருகிறதா என்பதைத்தான். வியாபாரிகளாகிய நமக்கு இது எளிதில் விளங்கும். பின்னால் பில் வருமானால் அது கடன், வராவிட்டால்தான் அன்பளிப்பு. லாத்தா வீட்டுக்கு இன்றுவரை பில் வரவில்லை.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி வந்த சுனாமியை எடுத்துக்கொள்வோம். இங்கே பினாங்கில் 52 பேர் மாண்டார்கள். நாகை ஜில்லாவிலோ 6,000-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். அதன்பின் தமிழ்நாட்டு அரசாங்கம் தொண்டு நிறுவனங்களை வீடு கட்ட அழைத்தபோது, திருச்சபைகளைச் சார்ந்த நிறுவனங்களும் மற்ற பல நிறுவனங்களும் முன்வந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 300 சதுர அடிக்குச் சற்று அதிகமான வீடு. கட்டி முடித்த வீட்டின் உரிமை புருஷன், மனைவி இருவர் பெயரிலும் எழுதப்பட்டது. கட்டியவர் பெயரில் எழுதப்படவில்லை. வீட்டைக் கொடுத்தவனுக்கு அந்த வீட்டின் மேல் பிடி எதுவும் இருக்கலாகாது என்பதை இந்த ஏற்பாடு எவ்வளவு அழகாக விளக்குகிறது! சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போகிறவனே உபகாரி.

இரண்டாவது சந்தேகம்: "பிறரிடம் வாங்குவது நமது கண்ணியத்துக்கு இழுக்கல்லவா?" சிறு வயதில் மதரஸாவில் நமக்கு ஓதிக்கொடுத்த லெப்பை சொன்ன சரித்திரம் அப்போது நினைவுக்கு வந்தது. மக்காவில் கொடுமை தாங்க முடியாமல் போன சஹாபாக்களை, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அபிசீனியா நாட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். ஆண்டவர் நஜ்ஜாஷி, ஒரு கிறிஸ்தவ மன்னர். குறைஷியர் வெகுமதிகளோடு தூது அனுப்பி, "இவர்களை எங்களிடம் ஒப்படையுங்கள்" என்று கேட்டார்கள். ஜஃபர் (ரலி) அவர்களின் பேச்சைக் கேட்டபின் மன்னர் மறுத்துவிட்டார். வெகுமதிகளையும் திருப்பியனுப்பினார். இஸ்லாத்தின் முதல் அடைக்கலமே ஒரு கிறிஸ்தவ மன்னரின் நிழல்தான்! அதைப் பெற்றதால் அந்த உத்தமர்களின் கண்ணியம் குறைந்ததா? பின்னொரு நாளில் நஜ்ஜாஷி காலமானபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவிலிருந்தபடியே அவருக்காக ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். பெற்ற உபகாரத்தை அவர்கள் மறைக்கவுமில்லை, மறக்கவுமில்லை.

வாங்குவதில் இழுக்கில்லை. வாங்கியதை மறைப்பதில்தான் இழுக்கு இருக்கிறது. இங்கே நமது குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கஜா புயலின்போது நாம் சிலர் சேர்ந்து வசூலித்த நிதிக்கு ஒரு கணக்கறிக்கை எழுதினோம். அதில் நம் ஆட்கள் சரிசெய்த வீடுகளின் வரிசையில் லாத்தா வீட்டையும் சேர்க்கத் துணிந்தோம். பணம் நம்முடையதுதானே என்று மனம் சமாதானம் சொல்லிற்று. பிறகு எழுதிய வரியை அடித்தோம். அந்த ஒரு வரியை அடிக்க நமக்கு இரண்டு நாள் பிடித்தது.

மூன்றாவது சந்தேகம்: "அவரவர் தம் இனத்தாரைப் பார்த்துக்கொண்டால் போதாதா?" ஜக்காத்துக்குரிய சட்டம் தனி. அதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் ஸதகாவுக்கு அப்படி ஒரு வேலி இல்லை. சுனாமிக்குப் பிறகு பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் என்ன செய்தார்கள்? வீடிழந்து ஓடிவந்த இந்து மீனவ மக்களுக்கு இடமளித்து நாட்கணக்கில் சோறு சமைத்துப் போட்டார்கள். அதைக் கேட்டபோது நாமெல்லாம் மார் தட்டிக்கொண்டோம். அந்த மீனவர்கள் "இவர்கள் கையால் உண்ணமாட்டோம்" என்று சொல்லியிருந்தால் நமது மனம் என்ன பாடு பட்டிருக்கும்! நாம் கொடுத்தால் அது அன்பு, பிறர் கொடுத்தால் அது சூழ்ச்சி என்பது எந்தத் தராசு? கடையில் அப்படி இரண்டு தராசு வைத்திருந்தால் அதிகாரிகள் சும்மா விடுவார்களா?

இன்னொரு விஷயமும் யோசிக்கத்தக்கது. அமெரிக்காவில் மென்னோனைட் என்று ஒரு கிறிஸ்தவக் கூட்டத்தார் இருக்கிறார்கள். 1950-ஆம் ஆண்டு கான்சாஸ் மாநிலத்தில் அவர்கள் ஒரு பேரிடர்த் தொண்டுப் படையைத் தொடங்கினார்கள். 2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் தேதி கத்ரீனா சூறாவளி அடித்து, கரைகள் உடைந்து, நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் பெரும்பகுதி நீரில் மூழ்கியபோது, அந்தப் பிரதேசத்தில் வீடு கட்ட அவர்களும் போனார்கள். தச்சர், விவசாயி, ஓய்வுபெற்ற முதியவர் என்று பலதரப்பட்டவர்கள். தம் வேலையை விட்டு ஒரு வாரமோ சில வாரங்களோ வந்து தங்கி, சுவர் எழுப்பிக் கூரை போட்டார்கள். அந்தக் கூட்டத்தார் கொடுப்பது பணம் மட்டுமன்று. தம் ஆயுளிலிருந்து சில நாட்களை எடுத்துக் கொடுக்கிறார்கள்.

இங்கேதான் லாத்தாவின் சொல் நம்மைச் சுட்டது. பணம் கூரைமேல் ஏறாது. நாம் பணம் கொடுப்பதில் பின்தங்கியவர்களல்லர். ரமலான் மாதத்தில் நம் கைகள் தாராளமாகவே திறக்கின்றன. ஆனால் ஒரு நாள் கடையடைத்துவிட்டு, ஏணி பிடித்து, ஓர் ஏழையின் கூரையில் ஓடு அடுக்கியவர் நம்மில் எத்தனை பேர்? விரலை மடக்க வேண்டியதில்லை. நாம் ஒருநாளும் செய்ததில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறோம்.

ஆகவே நமது யோசனை இது. சங்கத்தில் நன்கொடைப் புத்தகம் இருப்பதுபோல ஒரு நாள் புத்தகமும் வைப்போம். தச்சு வேலை தெரிந்தவர், மின்சார வேலை தெரிந்தவர், லாரி ஓட்டத் தெரிந்தவர், ஒன்றும் தெரியாவிட்டாலும் சேறு அள்ளத் தெம்புள்ளவர், எல்லாரும் வருஷத்தில் இத்தனை நாள் தருகிறோம் என்று அதில் பெயரெழுதட்டும். அடுத்த வெள்ளம் வரும்போது, சீனர் வீடா, மலாய்க்காரர் வீடா, தமிழர் வீடா என்று கேளாமல், சேறு எங்கே அதிகமோ அங்கே முதலில் போவோம். விளம்பரத் துணி கட்ட வேண்டாம். படமெடுக்க ஒருவரைக் கூட்டிப்போவதைவிட, அவர் கையிலும் ஒரு வாளியைக் கொடுத்தால் ஓர் அறை சீக்கிரம் சுத்தமாகும்.

பினாங்கில் நமது கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலிலிருந்து ஒரே தெருவழியே நடந்தால், மாரியம்மன் கோயிலின் பின்புறத்தையும் சீனர் கோயிலையும் கடந்து, செயின்ட் ஜார்ஜ் மாதா கோவிலை அடைந்துவிடலாம். அதற்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது. வெள்ளம் வந்தால் இத்தனை வாசல்களிலும் ஒரே தண்ணீர்தான் ஏறும். தண்ணீர் வேற்றுமை பாராதபோது, அதை இறைக்க வருகிற கை மட்டும் ஏன் பார்க்க வேண்டும்?

லாத்தா வீட்டுக் கூரை அதற்குப் பின் வந்த ஐப்பசி, கார்த்திகை மழைகளில் ஒழுகவில்லை என்று சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் கட்டிய திண்டில் உட்கார்ந்துதான் ஐந்து வேளையும் உளூச் செய்கிறார்கள். அந்த எட்டுப் பேரின் பெயர்கூட லாத்தாவுக்குத் தெரியாது. "பெயர் தெரியாவிட்டால் என்ன தம்பி, துஆச் செய்ய அல்லாஹ்வுக்கு அடையாளம் தெரியாதா?" என்கிறார்கள்.

கொடுக்கும்போது கர்வமின்றிக் கொடுக்கவும், பெறும்போது கூச்சமின்றிப் பெறவும், பெற்றதை மறைக்காமல் சொல்லவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.