பிரிந்தும் குறையாதது

பிரித்தால் குறையும் என்பதே நமது அன்றாட அனுபவம். ஓர் ஏக்கர் தென்னந்தோப்பை இரு சகோதரர்கள் பங்கிட்டால் ஆளுக்கு 50 சென்ட். அவர்களுக்கு இரண்டிரண்டு மக்கள் இருந்தால் அடுத்த தலைமுறையில் 25. நாட்டுக்கும் இதே கணக்குதான். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு முதலிய திருவிதாங்கூர்த் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளையும் பாறசாலையும் அடுத்தடுத்த ஊர்கள். அன்றுமுதல் வெவ்வேறு மாநிலங்கள்.

ஆயினும், பிரிந்தும் குறையாத ஒரு பிரிவினை நம் உடலுக்குள்ளேயே இடையறாது நிகழ்கிறது. ஒரு செல் இரண்டாகும் அந்த நிகழ்ச்சிக்கு, 1882-இல் வால்தர் ஃபிளெமிங் என்ற ஜெர்மானிய அறிஞர் 'மைட்டாசிஸ்' எனப் பெயரிட்டார். நூலிழை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. மனித செல்லில் 46 குரோமோசோம்கள் உள்ளன. பிரிவதற்கு முன்பே செல் அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு நகலை எடுத்துவிடுகிறது. இதில்தான் ரகசியம் இருக்கிறது: முதலில் இரட்டிப்பு, பிறகே பங்கீடு. இரு முனைகளிலிருந்து வரும் இழைகள் ஒவ்வொரு ஜோடியையும் இருபுறமும் பற்றுகின்றன. ஒரே ஒரு குரோமோசோம் சரியாகப் பற்றப்படாவிட்டாலும் மற்றவை அனைத்தும் காத்திருக்கின்றன! எல்லாம் அமைந்த பின்னரே ஜோடிகள் விலகுகின்றன. இரு சேய் செல்களும் முழுமையாக 46-ஐப் பெறுகின்றன. தாய் செல் எங்கே போயிற்று? அது இறக்கவில்லை, தனியாக எஞ்சவுமில்லை. 'நான் யார்?' என்று விசாரிப்பவர் சற்று நின்று சிந்திக்க வேண்டிய இடம் இது.

புண் ஆறுவதும் தோல் புதிதாவதும் இதனால்தான். அந்தக் காத்திருப்பு தவறும்போது ஒரு செல்லுக்கு மிகையும் மற்றதற்குக் குறையும் ஏற்படுகின்றன. பல புற்றுநோய்ச் செல்களில் இத்தகைய ஒழுங்கின்மை காணப்படுகிறது. 1981-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு எல்லையின் இருபுறத்திலிருந்தும் மக்கள் செல்கின்றனர். நோய் எல்லைக்கோட்டை அறியாது.

மனிதர் கைமாற்றும் செல்வங்களிலும் இவ்விரு வகை உண்டு. நிலம் முதல் வகை. மொழி இரண்டாம் வகை. குழந்தைக்குத் தமிழ் கற்றுத் தரும் தாயிடம் தமிழ் குறைவதில்லை. அக்குழந்தை பள்ளியில் மலையாளம் கற்றால் அதுவும் கூடுதல் செல்வமே. எல்லைப்புறக் கிராமங்களில் இரு மொழிகளையும் இயல்பாகப் பேசுவோரைக் காணும்போது, கோடு கிழித்தவர்களால் பிரிக்க முடியாதது ஒன்று உண்டு என்பது புலனாகிறது.

ஆனால் நகல் முழுமையாக இருக்க வேண்டுமே! பேச்சு பிள்ளைகளிடம் போய்ச் சேர்கிறது, எழுத்து பாதி வழியில் நின்றுவிடுகிறது. மும்பையிலும் டெல்லியிலும் உள்ள நம் இல்லங்களிலும் இதே நிலைதானே? செல் விடுபட்டதற்காகக் காத்திருக்கும். பெற்றோருக்கோ அலுவலகம், வீட்டுப்பாடம், நேரமின்மை. செல்லின் பொறுமை இயற்கையாக அமைந்தது. நம்முடையது விரும்பி ஏற்க வேண்டியது. ஆகவேதான் இது அறத்தின் கேள்வியாகிறது.

தாத்தாவுடன் தமிழில் மணிக்கணக்காகப் பேசும் பேரன், அவர் எழுதிய பழைய கடிதத்தைக் கையில் எடுத்தால், அதைப் படித்துக் காட்ட அவரையே கூப்பிட வேண்டியிருக்கிறது. அவர் இருக்கும்வரை படித்துக் காட்டுவார்.