விலக்கு நின்ற பிறகு

எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் மாதவிலக்கு நின்றுபோன பெண்ணுக்குத் தனி மரியாதை உண்டு. பூஜையறைக்குள் எந்த நாளும் போகலாம். திருமலைக்குப் புறப்பட நாள் எண்ண வேண்டாம். "இனிமே உனக்குத் தீட்டே இல்லம்மா" என்று என் மாமியார் சொன்னபோது ஆசீர்வாதமாகத்தான் சொன்னார். இன்று என்னால் அதை அப்படியே வாங்கிக்கொள்ள முடியவில்லை.

போன மார்கழியில் அக்காவோடு அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படியேறினேன். மொத்தம் 3,550 படிகள். மலை மீது கால் படக் கூடாதென்று ராமானுஜர் முழங்காலாலேயே ஏறினார் என்று சொல்லும் அந்தச் செங்குத்தான இடத்தில் அக்கா உட்கார்ந்துவிட்டாள். மூச்சு இரைத்தது, தாடை வலித்தது. "ஒண்ணுமில்லடி, பெருமாள் சோதிக்கிறாரு" என்றாள். கீழே வந்து மருத்துவரிடம் காட்டியபோது ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்வதுதான் மாரடைப்பு என்று நினைக்கிறோம். பெண்களுக்கு அது பல நேரம் மூச்சுத்திணறலாக, தாடைவலியாக, காரணமில்லாத களைப்பாக வருகிறது.

மருத்துவர் விளக்கியதைக் கேட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ரத்தக் குழாயின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காகச் செல்கள் இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் அவற்றைத் தூண்டி நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைச் சுரக்க வைக்கிறது. அதனால் குழாய் இளகி விரிகிறது. இந்த வாயு ரத்தக் குழாய்க்குச் செய்யும் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. விலக்கு நின்றதும் ஈஸ்ட்ரோஜன் வற்றுகிறது, குழாய் விறைக்கிறது, கெட்ட கொழுப்பு ஏறுகிறது. மேல்நாட்டுப் பெண்களுக்கு 51 வயதையொட்டி நிற்பது நம் பெண்களுக்குச் சராசரியாக 46, 47லேயே நின்றுவிடுகிறது.

அப்படியானால், மாதாமாதம் எங்களைத் திண்ணையில் உட்கார வைத்த அதே சுரப்புதான் எங்கள் இதயத்தையும் காத்து நின்றிருக்கிறது. காவல் போன நாளைச் சுத்தமான நாள் என்று கொண்டாடினோம்.

ராமானுஜரின் சித்தாந்தம், உயிரும் சடமுமான இந்த உலகம் முழுவதும் இறைவனுக்குச் சரீரம் என்கிறது. கல்லும் மண்ணுமான மலை அவன் உடம்பு என்றால் பெண்ணின் ரத்தக் குழாய் மட்டும் யாருடையது? மலையை மிதிக்கத் தயங்கியவரின் வழியில் வந்தவர்கள், அதே மலைக்கு வரும் பெண்ணின் உடம்பில் ஒரு பாதியைத் தள்ளிவைத்தது எனக்கு ஆறாத வருத்தம்.

உடம்பை உதறுவதும் பக்திதானே, காரைக்கால் அம்மையார் தசையை உதறிப் பேயுரு கேட்டாரே என்பார்கள். அவர் பாடிய திருவாலங்காடு 1960 வரை எங்கள் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அம்மையார் தானே விரும்பிக் கேட்டார். எங்கள் அத்தைகளும் சித்திகளும் எதையும் கேட்கவில்லை. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதைத் தின்று, வலியை விதி என்று விழுங்கினார்கள். அதைத் துறவு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

போன ஈஸ்ட்ரோஜனை மாத்திரையால் திரும்ப வாங்கிவிடலாம் என்றும் நான் சொல்லவில்லை. 2002இல் அமெரிக்காவில் சராசரி 63 வயதுப் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டினையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள்; பக்கவாதமும் மார்பகப் புற்றும் கூடியிருந்தன. விலக்கு நின்ற பத்து ஆண்டுக்குள், 60 வயதுக்கு முன் அந்த மருந்தைத் தொடங்குபவர்களுக்குக் கணக்கு வேறு என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் இதயத்தைக் காப்பதற்கென்று மட்டும் அதைத் தருவதில்லை. காலம் எடுத்துக்கொண்டதை ஒப்புக்கொள்ளலாம். மிச்சம் இருப்பதைப் பேணுவது நம் பொறுப்பு. திருப்பதியில் ஸ்விம்ஸ் மருத்துவமனையைத் தொடங்கியதே தேவஸ்தானம்தான். உடம்பைப் பார்த்துக்கொள்வது பக்திக்கு எதிரானதென்றால் அதை ஏன் கட்டினார்கள்?

அக்கா சனிக்கிழமை விரதத்திலும் இப்போது காலையில் பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறாள். ஊறுகாயைக் குறைத்துவிட்டாள். என் மருமகள் விலக்கு நாளிலும் பூஜையறையில் விளக்கேற்றுவதில் மட்டும் அவளுக்கு என்மேல் கோபம். நான் தடுப்பதாக இல்லை.